தேதியைப் பின்னால் தள்ளினார்... முகூர்த்தம் மாறிப்போனது!

"முகூர்த்தம் ஒன்பது மணி இல்ல தம்பி, காலைல ஆறு மணி. மறக்காம மாத்திடுங்க" என்று பெண்ணின் அப்பா போனில் சொன்னதுமே டிடிபி கடைக்காரர் மாற்றிவிட்டார். ஆனால், அச்சாகி வந்த 400 பத்திரிகைகளிலும் ஒன்பது மணி!

"நான் அன்னிக்கே மாத்திட்டேன் சார்" என்றார். அது பொய் இல்லை. பொய் சொன்னது அவருடைய கம்ப்யூட்டர் கடிகாரம். சொல்லவைத்தவர் அவரேதான்.

டிசைன் சாஃப்ட்வேரின் 30 நாள் இலவசக் காலம் முடிந்திருந்தது. காசு கொடுத்து வாங்க மனம் வராமல், கம்ப்யூட்டரின் தேதியை செப்டம்பர் 5-க்குத் தள்ளிவைத்தார். சாஃப்ட்வேர் திறந்துகொண்டது. திருத்தமும் முடிந்தது.

அன்று மாலை, வழக்கம்போல ஃபைல்களை பென்டிரைவுக்கு காப்பி செய்யும் புரோகிராமை ஓட்டினார். 'எது புதியதோ அதை மட்டும் வை' என்பது அதற்கு அவர் கொடுத்திருந்த கட்டளை. பென்டிரைவில் இருந்த பழைய ஃபைலின் தேதி, செப்டம்பர் 28. திருத்திய ஃபைலின் தேதி, செப்டம்பர் 5. பழையதையே புதியது என்று அது விட்டுவைத்தது. அந்த பென்டிரைவ்தான் அச்சகத்துக்குப் போனது.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. பேங்க் வெப்சைட்டைத் திறந்தபோது, 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்றது பிரவுசர். ஒவ்வொரு வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க தேதி, முடிவு தேதி உண்டு. கடிகாரம் பின்னால் போனால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கே வரவில்லை' என்று பிரவுசர் மறுத்துவிடும். அவர் 'நெட் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டார்.

போனிலும் இதே ஆபத்து உண்டு. 2016-ல், ஐபோனின் தேதியை 1970 ஜனவரி 1-க்கு மாற்றியவர்களின் போன் மறுபடி ஆன் ஆகவே இல்லை. பிறகு ஆப்பிள் நிறுவனம் அப்டேட் கொடுத்து அந்தக் கோளாறைச் சரிசெய்தது.

நாம் மாற்றாமலே தேதி அடிக்கடி பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதை மாற்றிவிட்டு, செட்டிங்ஸில் 'தானாக நேரம் அமைத்தல்' வசதியை ஆன் செய்தால் போதும்.

கடைக்காரர் தன் செலவில் 400 பத்திரிகைகளையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். இப்போது அவர் கடையில் ஓடுவது இங்க்ஸ்கேப். அது என்றுமே இலவசம். டெலிவரிக்கு முன், முகூர்த்த நேரத்தைப் பெண்ணின் அப்பாவிடம் ஒருமுறை சத்தமாகப் படித்தும் காட்டினார்.

"ஆறு மணி... சரியா சார்?"