ஏட்டில் உறங்கும் இசை

செய்யுள் ஏட்டில் நிற்கும். மெட்டோ பாடியவர் வாய்மூடியதும் காற்றோடு கலந்துவிடும். ஆதலின் இசையைக் காக்க விழைவோர்க்குக் கடமை இரண்டு: அதனைச் சுரப்படுத்தி எழுதுதல் ஒன்று, எழுதிய ஏட்டைப் பேணுதல் மற்றொன்று.

வெனிஸ் நகரிற் பிறந்த விவால்டி என்னும் இசைவல்லார் 1741ஆம் ஆண்டில் வறியராய் இறந்தார். அவர்தம் கைப்பிரதிகள் பல கைமாறி மறைந்தன. 1926ஆம் ஆண்டில், இத்தாலியக் கிறிஸ்தவக் கல்விச்சாலையொன்று பொருள் வேண்டித் தன் பழைய இசையேடுகளை விற்கக் கருதி, அவற்றை மதிப்பிடுமாறு டூரின் நகரத் தேசிய நூலகத்தை வேண்டிற்று. ஜென்டிலி என்னும் பேராசிரியர் அவற்றுள் விவால்டியின் கையெழுத்தைக் கண்டார். வாங்குதற்கோ நூலகத்தாரிடம் பணமில்லை. ரொபர்ட்டோ போவா என்பவர், இறந்துபோன தம் குழந்தையின் நினைவாக 1927இல் அவற்றை வாங்கி ஈந்தார். எஞ்சிய பகுதி ஜெனோவாப் பிரபு குடும்பமொன்றில் இருந்தது. அதனை 1930இல் பிலிப்போ ஜோர்டானோ என்பவர், அவரும் தம் மகனை இழந்தவரே, வாங்கி அளித்தார். சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய சாமிநாதையரின் உழைப்பை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வரலாறு அயலதன்று.

நம் நாட்டிலும் இத்தகையோர் இருந்தனர். சென்னையிற் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அன்பர், விவால்டி கையாண்ட அதே ஐங்கோட்டுச் சுரலிபியில் தியாகராஜர் கீர்த்தனைகளை எழுதி 1893இல் வெளியிட்டார். கண்ணொளி குன்றியபோதும் அவர் தளர்ந்திலர். சுப்பராம தீட்சிதரைத் தூண்டினார். அதன் பயனாக 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலிக்கும் எல்லைப்புற ஜூஜுவாடியே எம் ஊர். தொழிற்சாலை வேலை நாடித் தெற்கிலிருந்து வந்தோர் தத்தம் ஊர்க் கீர்த்தனை மெட்டுகளையும் உடன்கொணர்ந்தனர். எம் சபையில், ஆலை வேலையினின்று ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் உளர். அவர் நோட்டுப்புத்தகத்திற் பாட்டுகள் உள. மெட்டுகளோ அவர் நெஞ்சில் மட்டுமே உள. கடந்த விடுமுறையில் அவர் பாடப்பாட யாம் சுரப்படுத்தத் தொடங்கினோம். 11 பாட்டுகள் முடிந்தன. 30க்கு மேல் எஞ்சியுள்ளன. இரண்டாம் சரணத்திலேயே அவருக்கு மூச்சு வாங்குகிறது. "போதும், தாத்தா" என்றால், "அடுத்ததையும் எழுதிக்கொள், தம்பி" என்கிறார்.

கைப்பேசியிற் பதிந்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். பதிவும் செய்கின்றோம். ஆயினும், அவர் குரலைக் கேட்பது வேறு. அவருக்குப்பின் மற்றொருவர் கற்றுப் பாடுவது வேறு. பின்னதற்குச் சுரம் வேண்டும்.

கல்லூரி அன்பர்காள்! உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பழைய பாட்டுப்புத்தகம் ஒன்று கிடக்கலாம். அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதன் மெட்டறிந்தோர் உயிரோடிருப்பின், இன்றே சென்று கேட்டு எழுதுங்கள்.