நாற்காலியும் நடைபாதையும்

அரசு வாரியம் ஒன்றிற்குப் புதிய தலைவர் பொறுப்பேற்கின்றார். மாலைகள் விழுகின்றன. மறுநாள் நாளேட்டில் படம் வருகின்றது. ‘ஏழைகளின் குறைகளுக்கு முன்னுரிமை’ என்னும் அறிக்கையும் உடன் வருகின்றது. சில திங்களில் அறிக்கையை நாமும் மறந்துவிடுகின்றோம். வேறு துறைகளில் தாமதம் என்றால் ஒரு கோப்பு காத்திருக்கும். வீடற்றோருக்கான துறையில் தாமதம் என்றால் ஒரு குடும்பம் இன்னொரு மழைக்காலத்தையும் சாலையோரத்தில் கழிக்கும். எனவே அந்த நாற்காலியில் யார் அமர்கின்றார் என்பது நமக்கும் உரிய கவலையே.

சேத்துப்பட்டிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு, வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று. வீட்டின் நடுவே குழித்தறி இருக்கும். ஒருவர் குழியில் கால் வைத்து மிதிப்பார். மற்றொருவர் அருகில் அமர்ந்து தார் சுற்றுவார். தறிக்கு இடமில்லாத வீட்டில் நெசவாளிக்குத் தொழிலில்லை. வாடகை வீட்டில் குழி தோண்ட வேண்டுமானால் வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அப்படி வாடகைக்கு இருந்த நெசவுக் குடும்பம் ஒன்று, வீடு விற்கப்பட்டதால் வெளியேற நேர்ந்தது. கழற்றிய தறிமரங்களை உறவினர் வீட்டுத் திண்ணையில் சார்த்திவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார்கள். முதல் சில வாரங்கள் பாரிமுனைப் பக்கம் கடை வாசல் ஒன்றில் உறங்கியதைப் பின்னர் ஊருக்கு வந்தபோது சொன்னார்கள். “கஷ்டம்கூடத் தாங்கிக்கலாம். போற இடமெல்லாம் விலாசம் கேக்கறாங்க, அதுக்குத்தான் பதில் இல்ல” என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை.

இந்தக் கேள்விக்கு விடைகாணவே நம் மாநிலத்தில் ஒரு வாரியம் பிறந்தது. 1970இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பதைத் தன் முழக்கமாக ஏற்றது. அடுத்த ஆண்டே அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. எழுத்தாளரான இராம. அரங்கண்ணல் தொடக்க ஆண்டுகளில் அதன் தலைவராக இருந்தார். குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுப்புவதே அன்றைய நோக்கம். 1976இல் ஆட்சி கலைக்கப்பட்டது. 1977இல் உலக வங்கியின் கடனுதவி வந்தது. வீடு கட்டித் தருவதைவிட, மனையும் அடிப்படை வசதியும் தருவதே போதும் என்னும் எண்ணம் மேலோங்கியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் விளிம்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. கூரை கிடைத்தது, ஆனால் பலருக்கு வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் தொலைவாயின. 2021இல் வாரியத்தின் பெயர் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என மாறியது. ‘குடிசை’ போய் ‘வாழ்விடம்’ வந்தது நல்லதே. பெயர் மாறியதுபோல் பார்வையும் மாறியதா என்பதே ஒவ்வொரு புதிய தலைவரிடமும் நாம் கேட்க வேண்டியது.

குடிசைகூட இல்லாதவர் நிலை என்ன? 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களுள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தவர்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் பெருநகரங்களுக்கு ஆணையிட்டது. 2013இல் நடுவண் அரசின் திட்டமும் வந்தது. சென்னையில் காப்பகங்களின் பொறுப்பு மாநகராட்சியைச் சேர்ந்தது. மாற்று வீடு தருவது வாரியத்தைச் சேர்ந்தது. இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நடைபாதை இருக்கின்றது. பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் தலைமுறைகளாய் நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் உண்டு. இராத் தங்க ஓர் இடம் அவர்களுக்குத் தீர்வாகாது. குடும்பம் கலையாமல் கதவடைத்து வாழ ஓர் அறை வேண்டும்.

கடல் கடந்த நாடுகளும் நமக்குப் பாடம் சொல்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் மாவட்டமும் இணைந்து 1993இல் வீடற்றோருக்கான பொது நிறுவனம் ஒன்றை அமைத்தன. 2023இல் வலீசியா ஆடம்ஸ் கெல்லம் என்னும் அம்மையார், மக்கள் தொண்டு அமைப்பொன்றிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டுகளில் தெருவில் உறங்குவோர் தொகை சற்றே குறைந்தது. ஆயினும் செலவான பணத்திற்குத் தெளிவான கணக்கில்லை எனத் தணிக்கைகள் குறை கூறின. 2025 ஏப்ரலில் மாவட்ட நிர்வாகம் 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. சில நாள்களில் அம்மையாரும் விலகுவதாக அறிவித்தார். இரக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. பின்லாந்தோ 2008 முதல் ‘முதலில் வீடு, பிறகு மற்றவை’ என்னும் வழியில் நடந்தது. 1980களில் 18,000 அளவில் இருந்த வீடற்றோர் தொகை 2023இல் 4,000க்கும் கீழே வந்தது. அங்கும் அரசு உதவிகள் குறைக்கப்பட்ட காலத்தில், 2024இல், அது மீண்டும் சிறிது உயர்ந்தது. ஒருமுறை வென்றுவிட்டோம் என ஓய்ந்திருக்கக் கூடிய பணியன்று இது.

எனவே புதிதாய் வருகின்றவரிடம் நாம் வேண்டுவன மிகச் சிலவே. கட்டிய வீடுகளை எண்ணுமுன், அவற்றில் குடியேறி ஓராண்டுக்குப் பின்னும் தங்கியிருப்போரை எண்ணட்டும். இடம் மாற்றுமுன், அம்மக்களின் பிழைப்பு எங்கே இருக்கின்றது எனக் கேட்கட்டும். தறியைப் பிரிந்த நெசவாளியின் நிலை அறிந்த நமக்கு, பிழைப்பைப் பிரிந்த வீடு எத்துணை வெறுமையானது எனச் சொல்லத் தேவையில்லை. மாநகராட்சியையும் வாரியத்தையும் ஒரே மேசையில் அமர்த்தட்டும். இரவு பத்து மணிக்கு மேல், உடன் அதிகாரிகளின்றி, ஒருமுறையேனும் நடைபாதையில் நடக்கட்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. நகரத்து நடைபாதைக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் நம் போன்ற ஊர்களின் தெருக்களில்தான் தொடங்குகின்றது. வாடகைக்கு வருகின்ற நெசவாளியிடம், “குழி தோண்டிக்கொள்ளுங்கள், இருங்கள்” என்று சொல்லும் வீட்டுக்காரர் ஒருவர் நம் தெருவில் இருந்தால், பாரிமுனையில் ஒரு கடை வாசல் வெறுமையாகவே இருக்கும். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். அந்தச் சொல்லை நாம் இன்றே சொல்லலாம்.