நெய்யூர்க் கொடிக்கயிற்றில் ஒரு கடல் அங்கி

நெய்யூர் என்றதும் குமரி மாவட்டத்தாருக்கு முதலில் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1838-இல் இங்கே மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் சிகரத்தில் 1922-இலும் 1924-இலும் ஏற முயன்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் இந்த ஊரில்தான் நீண்ட காலம் பணியாற்றினார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிய மனிதர் அவர். மூச்சு எட்டாத உயரத்தைக் கண்டவர் வாழ்ந்த ஊரில், மூச்சு எட்டாத ஆழத்திற்கு ஆசைப்படும் ஓர் இளைஞனைப் பார்க்கத்தான் நான் சென்றிருந்தேன். அவன் என் சகோதரியின் மகன். ஃபுஜைராவில் வேலை. விடுமுறை நாட்களில் அங்கே ஸ்கூபா முக்குளிப்புக் கற்று, ஒன்பது முறை கடலுக்குள் இறங்கியும் இருக்கிறான்.

இரணியல் நிலையத்தில் இறங்கி வீட்டை அடைந்தபோது, கொடிக்கயிற்றில் கைலிகளுக்கும் துப்பட்டிகளுக்கும் நடுவே கறுப்பாக ஒன்று தொங்கியது. கையில்லாத தடித்த சட்டை, மார்பில் வார்கள், இடது தோளிலிருந்து யானைத் துதிக்கைபோல் ஒரு குழாய். யாரோ ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கி வந்த பழைய சரக்கு. விமானத்தில் அனுமதித்த முப்பது கிலோவில் இதற்கு நான்கு கிலோ போய்விட்டதே, அதில் எத்தனை பால்மாவு டின் வந்திருக்கும் என்று என் சகோதரிக்கு ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய கவலை வேறு.

“தம்பி, இது ஆளை மிதக்க வைக்குமா, தாழ வைக்குமா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இரண்டும் இல்லை என்பதே விடை. மிதக்காமலும் தாழாமலும் நீரின் நடுவே நிற்க வைப்பதுதான் இதன் வேலை. முக்குளிப்பவர்கள் இதைப் பி.சி.டி. என்பார்கள். உள்ளே ஒரு காற்றுப்பை இருக்கும். முதுகிலுள்ள சிலிண்டரிலிருந்து குழாய் வழியே சிறிது காற்றை விட்டால் உடல் மேலே எழும். வெளியேற்றினால் கீழே இறங்கும். பதினொரு லிட்டர் சிலிண்டரை நிறைத்திருக்கும் காற்றுக்கு மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை உண்டு. மூச்சுவிட மூச்சுவிட அந்த எடை குறைகிறது. ரப்பர் உடையோ ஆழத்தில் நசுங்கித் தன் மிதப்பை இழக்கிறது. இந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கவே இந்தப் பை.

அன்று மாலை மருமகனுடன் பேருந்தேறிக் குளச்சல் கடற்கரைக்குப் போனேன். 1741-இல் டச்சுக்காரர்கள் தோற்ற கடற்கரை அது. கரையேறிய படகொன்றில் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைகள் கிடந்தன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின் அந்த நிறத்தைப் பார்த்தாலே இந்தக் கடற்கரையில் நெஞ்சம் கனக்கும். “இதுவும் அதுவும் ஒன்றுதானே மாமா?” என்றான் மருமகன். இல்லை. உயிர்காப்புச் சட்டை, அணிந்தவரின் வாயையும் மூக்கையும் நீருக்கு மேலே வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. பி.சி.டி. அப்படியன்று. மயங்கியவரின் முகத்தை அது வானம் பார்க்கத் திருப்பும் என்று நம்ப முடியாது. ஒன்பது முறை இறங்கியவனுக்கே இந்த வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்குக் கலக்கம் தந்தது.

நம் முன்னோருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. வேறு தொல்லை இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் உண்டு. கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் இழுத்தெடுப்பார். இறங்கக் கல், ஏறக் கயிறு, அவ்வளவுதான். நடுவில் நிற்கும் ஆசை, கூஸ்தோவும் காக்னானும் 1943-இல் நீரடி மூச்சுக் கருவியை உருவாக்கிய பின்னர் வந்தது. 1961-இல் பிரான்சில் ஃபென்சி என்பவர் கழுத்தில் மாட்டும் காற்றுப்பையைக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் சட்டை வடிவம் வந்தது.

இன்று கடையில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. மருமகன் வாங்கியது சட்டை வகை. பை விலாவைச் சுற்றி இருக்கும். நீர்மட்டத்தில் தலையை உயர்த்தி நிமிர்ந்து நிற்க இது மிக வசதி. பயிற்சிப் பள்ளிகள் இதைக் கொடுப்பதும் அதனால்தான். ஆனால் நிறையக் காற்றடைத்தால் நெஞ்சை இறுக்கும். உள்ளிருக்கும் மெத்தைப் பஞ்சும் தானே மிதக்கும். அதை அடக்கக் கூடுதலாக ஈயம் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகையில் பை முதுகுப் பக்கம் மட்டுமே. நெஞ்சு விடுதலையாக இருக்கும். மீனைப்போல் கிடைமட்டமாக நீந்தலாம். வளைகுடாவில் குடும்பத்தோடு இருக்கும் நம் சகோதரிகளில் சிலரும் இப்போது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் உடையும் தலைமூடியும் அணிந்து முக்குளிக்கக் கற்கிறார்கள். மார்பை அழுத்தாத இந்த வகை அவர்களுக்கு ஒத்துவரும். குறை ஒன்று உண்டு. மேலே வந்ததும் காற்றை அளவுக்கு மீறி அடைத்தால், முதுகைத் தூக்கி முகத்தை நீரில் தள்ளப் பார்க்கும். தேவையான அளவே அடைத்துச் சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்ளப் பழக வேண்டும்.

மூன்றாவதை விங் என்கிறார்கள். ஓர் உலோகத் தகடு, ஒரு நீண்ட வார், ஒரு பை. புளோரிடாவின் நீரடிக் குகைகளில் இறங்கியவர்கள் வளர்த்தெடுத்த முறை. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள எஃகுத் தகடு ஈயத்தின் வேலையையும் செய்துவிடும். அடிக்கடி விமானம் ஏறுபவர் அலுமினியத் தகடு வாங்குவது மேல். வாரை உடலுக்கு ஏற்பச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். இளைஞர்கள் இதன்மீது மோகம் கொள்வதைப் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு அது தோற்றத்திற்காகத்தான் என்பது என் எண்ணம்.

மறுநாள் காலை கிணற்றடியில் சோதனை. அங்கியை வாயால் ஊதி நிறைத்து, தொட்டி நீரில் அமுக்கினோம். பின்புறக் காற்றுப்போக்கியின் ஓரத்தில் சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. கழற்றிப் பார்த்தால் உப்புக்கல். நன்னீரில் கழுவியதும் கசிவு நின்றது. ஆனால் காற்றேற்றும் பொத்தானை அழுத்தினால், அது உடனே திரும்பி வரவில்லை. மண் கடித்ததுபோல் தயங்கித் தயங்கி வந்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. ஆழத்தில் அது சிக்கிக்கொண்டால் சிலிண்டர் காற்று பைக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அந்தக் காற்று இருமடங்காக விரியும். ஆளை அம்புபோல் தூக்கும். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் கிழியும். குழாயின் இணைப்பைக் கழற்று, காற்றை வெளியேற்று, மூச்சை மட்டும் அடக்காதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இதற்காகவே. அவன் ஒப்பித்தான்; கைகள் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று.

அடுத்து அவனை அணியச் சொன்னேன். காற்றடைத்ததும் அங்கி காது வரை ஏறிக்கொண்டது. இடுப்பு வார் எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. பெரிய உருவத்தினருக்கான அளவு அது. எந்த வகை நல்லது என்று இரவெல்லாம் வாதாடியவன், தன் உடம்புக்குச் சேருமா என்று ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை! பாதி விலை என்பதில் மயங்கிவிட்டான்.

என் சகோதரி திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கே போகாதே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “மக்களே, அந்தச் சட்டை இங்கேயே கிடக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. திரும்பிப் போகும்போது அந்த நான்கு கிலோவுக்கு நேந்திரங்காய் வற்றலும் கருப்பட்டியும் ஏறின.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். மூன்று வகையையும் வாடகைக்கு எடுத்து, ஒரே பிற்பகலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தானாம். முதுகுப்பை வகையில் நடுத்தர அளவு அவனுக்குப் பொருந்தியதாம். இப்போதைக்கு வாங்கவில்லை, இருபத்தைந்து முறை இறங்கும்வரை வாடகைதான் என்றான். என் சகோதரி தொலைபேசியை வாங்கினாள்.

“பொத்தானை அழுத்திப் பார்த்தாயா?”