‘கையைப் பிடிக்காதீங்க டீச்சர்!’ - பாளையங்கோட்டையில் ஒரு பாடம்

காலை 7.30 மணி. ஆலங்குளத்திலிருந்து வந்த பஸ், திருநெல்வேலி ஜங்ஷனில் ஆட்களை இறக்கிவிடுகிறது. இறங்கும் கூட்டத்தில் ஓர் இளம்பெண். தோளில் பை, ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் வெட்டிய முட்டை அட்டை.

அங்கிருந்து டவுன் பஸ். 1843-ல் கட்டி முடிக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் தாமிரபரணியைத் தாண்டி, வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி வழியாகப் பாளையங்கோட்டைக்குப் போகிறது.

“முட்டை அட்டை எதுக்கும்மா?” என்கிறார் கண்டக்டர்.

“பாடம் நடத்த.”

“கோழிப்பண்ணைப் படிப்பா?”

அந்தப் பெண் சிரித்துக்கொள்கிறார். வயது 20. பிளஸ் டூ முடித்துவிட்டு, சிறப்புக் கல்விக்கான 2 ஆண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தவர். எடுத்துக்கொண்ட பிரிவு, பார்வை மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பது. இப்போது பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. வெட்டிய முட்டை அட்டையில் இருப்பவை 6 குழிகள். பிரெயில் எழுத்தின் ஒரு கட்டத்தில் இருப்பதும் 6 புள்ளிகள்தான். இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3. குழிகளில் கோலிக்குண்டுகளை வைத்துத் தடவப் பழகிய பிறகே, குழந்தையின் விரல் காகிதத்துக்குப் போகும்.

மணிச் சத்த ஊர்

‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பாளையங்கோட்டைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. காலை 9 மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றால் காரணம் புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சீருடை, சைக்கிள், ஆட்டோ நிறையப் பிள்ளைகள். 1826-ல் அர்ப்பணிக்கப்பட்ட, ஊர்க்காரர்கள் ‘ஊசிக் கோபுரம்’ என்று அழைக்கும் தூய திரித்துவப் பேராலயத்தின் மணி ஒரு பக்கம். பள்ளிக்கூட மணிகள் இன்னொரு பக்கம்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. அடுத்த 3 ஆண்டுகளில், 1890-ல், ஆனி ஜேன் ஆஸ்க்வித் என்ற மிஷனரி பெண்மணி பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கல்வி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அதே 1890-களில் காது கேளாத குழந்தைகளுக்காக ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய பள்ளி, அவர் பெயரிலேயே இன்றும் இங்கே இயங்குகிறது.

அதனால்தானோ என்னவோ, வெள்ளைக் கோலுடன் ஒருவர் நடந்து வந்தால் இந்த ஊர் திரும்பிப் பார்ப்பதில்லை. டீக்கடைக்காரர் “வாங்க சார்” என்று கிளாஸை நேராகக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்.

ஆலங்குளத்துப் பெண்ணுக்கு அந்த இயல்பு வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது.

முதல் நாள் தப்புகள்

வகுப்பில் 8 பிள்ளைகள். முதல் நாள், மேசையில் புளியங்கொட்டைகளைக் கூறு கூறாக வைத்து, “இதையும் இதையும் கூட்டினா எவ்வளவு?” என்று கேட்டார்.

“எதையும் எதையும் டீச்சர்?”

ஒருவன் சரியான விடை சொன்னான். இவர் சிரித்துத் தலையாட்டினார். அவன் நின்றுகொண்டே இருந்தான். “சரியா தப்பா டீச்சர்? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கீய?”

இன்னொரு சிறுமி தன் ஆச்சி வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் காகிதம் எடுக்க வெளியே போய்த் திரும்பினால், காலி நாற்காலியைப் பார்த்து அவள் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது என்கிறார் அந்தப் பெண். மறுநாளிலிருந்து அறையை விட்டு எழுந்தால், “ஒரு நிமிஷம், வெளிய போயிட்டு வாரேன்” என்று சொல்லாமல் எழுவதில்லை.

‘பார்’ என்ற சொல்லையே தவிர்க்கப் பார்த்தார். அதற்கும் பிள்ளைகளே முடிவு கட்டினார்கள். “டீச்சர், நேத்து மேட்ச் பார்த்தீயளா? நான் கடைசி ஓவர் வரைக்கும் பார்த்தேன்!” என்றான் ஒருவன். போனில் வர்ணனை கேட்டதைத்தான் அப்படிச் சொன்னான்.

கொம்பு இல்லாத எழுத்து

பள்ளியின் மூத்த ஆசிரியருக்கும் பார்வை கிடையாது. இதுபோன்ற ஒரு பள்ளியில் படித்து வந்தவர். பயிற்சிக்கு வருகிறவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காதாலேயே மதிப்பெண் போடுவார்.

ஒருநாள் இவர் எழுத்துப் பாடம் எடுத்தார். “‘க’வுக்குப் பக்கத்துல கால் போட்டா ‘கா’. முன்னால கொம்பு போட்டா ‘கெ’. கொம்பும் காலும் போட்டா ‘கொ’.”

“கொம்பா? மாட்டுக்கா டீச்சர்?” வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சும்.

“எங்க எழுத்துல கொம்பும் இல்ல, காலும் இல்லம்மா. நீங்க கண்ணால படிச்ச தமிழைச் சொல்லிக் கொடுக்கீய. காதால கேக்கிற தமிழைச் சொல்லிக் கொடுங்க” என்றார் அவர்.

லூயி பிரெயில் தன் எழுத்துமுறையை பிரான்சில் வெளியிட்டது 1829-ல். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் வந்தது 1951-ல். அதில் ‘கொ’ என்பது ‘க’, அடுத்து ‘ஒ’. அவ்வளவுதான். ஒலி எந்த வரிசையில் வருகிறதோ, அதே வரிசை. மெய்யெழுத்துக்கு மட்டும் புள்ளிக்கான கட்டம் எழுத்துக்கு முன்னால் வரும். ஆகவே நாம் 3 எழுத்தில் எழுதும் ‘அம்மா’வுக்கு பிரெயிலில் 5 கட்டங்கள்.

எழுதுவது இன்னும் வேடிக்கை. பிரெயில் சிலேட்டில் தடிமனான காகிதத்தைச் செருகி, எழுத்தாணி மாதிரியான ஸ்டைலஸால் குத்த வேண்டும். மேடு மறுபக்கத்தில் விழும் என்பதால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் இடம்வலம் மாற்றிக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தபோது, “என்னம்மா, உருது படிக்கிறியா?” என்று அப்பா கேட்டாராம்.

விரலை விட்ட நாள்

பயிற்சிக்கு வந்தவர்களுக்குத் தலா ஒரு குழந்தையைத் தனிக் கவனிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். இவருக்குக் கிடைத்தவன் 9 வயதுச் சிறுவன். திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் இருந்த பார்வையும் போய், ஜூன் மாதம்தான் பள்ளிக்கு வந்தவன். அதுவரை வீட்டில் சோற்றை ஊட்டிவிட்டு, சட்டையைப் போட்டுவிட்டு, வாசல் தாண்டாமல் வளர்த்திருந்தார்கள்.

அவன் பேசுவதே குறைவு. அவன் அம்மா சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். “காலாண்டு லீவு வரைக்கும் பாக்கேன் சார். நாலு எழுத்து படிக்க வந்தா இருக்கட்டும். இல்லைன்னா நான் கூட்டிட்டுப் போயிருதேன். பிள்ளையை விட்டுட்டு என்னால இருக்க முடியல.”

காலாண்டு விடுமுறைக்கு 6 வாரங்கள் இருந்தன.

ஆலங்குளத்துப் பெண் தினமும் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, புள்ளிகளின் மேல் இழுத்துப்போனார். அவன் விரல் மரக்கட்டையாக வந்தது. 2 வாரம் போயும் ‘அ’வைத் தாண்டவில்லை. ‘அ’ என்பது ஒரே ஒரு புள்ளி.

மூத்த ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அவன் கையை விட்ருங்கம்மா. உங்க கையைக் கீழ வச்சு, அவன் கையை மேல வைக்கச் சொல்லுங்க. நீங்க தொடுங்க. அவனுக்குத் தோணும்போது அவனே விரலை நீட்டிப் பார்ப்பான்.”

“எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, ஏன் எல்லாரும் பிடிச்சு இழுக்காங்கன்னு சின்ன வயசுல தோணும். பிடிக்கிறது நாங்களா இருக்கணும். அப்பதான் எப்ப விடணும்கிறதும் எங்க கையில இருக்கும்” என்றார்.

மறுநாளிலிருந்து அவருடைய கை கீழே, சிறுவனின் கை மேலே. 4 நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள், அவன் விரல்கள் அவர் கையிலிருந்து வழுக்கி முட்டை அட்டைக்குள் இறங்கின. ஒரு கோலிக்குண்டை எடுத்தான். வேறு குழியில் வைத்தான். “இது என்ன எழுத்து டீச்சர்?”

அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

மூக்கால் ஒரு நடை

நடைப் பயிற்சிக்காகப் பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போவதும் பாடத்தில் உண்டு. இதிலும் அதே விதிதான். வழிகாட்டுகிறவர் அரை அடி முன்னால் நடப்பார். பார்வையற்றவர் அவருடைய முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொள்வார். படி வந்தால் ஒரு நொடி நின்று, “ஏறுற படி” அல்லது “இறங்குற படி” என்று சொல்ல வேண்டும்.

அந்த நடையில் பாளையங்கோட்டை வேறு ஊராக விரிகிறது. “சுவர் முடிஞ்சுட்டு, சந்து வருது” என்கிறான் முன்னால் போகும் பெரிய பையன். எப்படித் தெரியும்? சுவர் ஓரம் வரும்போது கோலின் சத்தம் அடைத்துக் கேட்கும். சுவர் முடிந்ததும் அது திறந்துகொள்ளும், காற்று கன்னத்தில் படும். அடுத்து பன் வேகும் வாசனை, பேக்கரி. ஈரமும் பாசியும் கலந்து வந்தால் பாளையங்கால்வாய். தூரத்தில் மட்டையில் பந்து படும் சத்தமும் கூச்சலும் கேட்டால் வ.உ.சி. மைதானம்.

இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவன் திடீரென நின்றான். மூக்கை உயர்த்தினான்.

“கொய்யா.”

பத்தடி தள்ளி, தள்ளுவண்டியில் பழுத்த கொய்யாப் பழங்கள். வாங்கிக் கொடுத்தார். கடிக்கும் முன் அதை முழுசாகத் தடவிப் பார்த்தான், காம்பிலிருந்து அடி வரை, ஒரு புத்தகத்தைப் படிப்பதுபோல.

அன்று சாயங்காலம் சிலேட்டில் ஒரு சொல் குத்த வேண்டும் என்று அவனே கேட்டான். கொய்யா. கட்டங்கள் 6. மூன்று காகிதம் கிழிந்தது. நான்காவதில் வந்துவிட்டது.

வாசலில் ஒரு கை

சிறப்பாசிரியர் வேலைக்கு, படித்து முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பொதுப்பள்ளிகளிலும் மாற்றுத்திறன் குழந்தைகள் படிக்கிறார்கள், அவர்களுக்கும் இந்த ஆசிரியர்கள் தேவை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையையும் தருகிறது. பட்டயச் சான்றிதழ் கையில் வந்ததும் என்ன செய்வதாக உத்தேசம்? “எங்க ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகணும். வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கிற பிள்ளைங்க அங்கேயும் இருக்கும்ல” என்கிறார் அந்தப் பெண்.

காலாண்டுத் தேர்வு முடிந்த மதியம். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து அம்மா வந்துவிட்டார். அவன் துணிமணிகள் எல்லாவற்றையும் எடுத்துப்போக, பெரிய பையோடு.

சிறுவன் அந்தக் காகிதத்தை நீட்டினான். அம்மா வாங்கிப் பார்த்தார். வெள்ளைக் காகிதம், அங்கங்கே மேடு. “இதுல என்னய்யா இருக்கு?”

“உன் கையை என் கை மேல வை.”

அம்மாவின் கை மேலே, மகனின் கை கீழே. அவன் விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. “க... ஒ...” கடைசிக் கட்டம் வந்ததும் “கொய்யா” என்றான். அம்மாவுக்குப் புள்ளிகள் புரிந்திருக்காது. அந்தக் காகிதத்தை நான்காக மடிக்கப் போனார். “மடிச்சா அழிஞ்சுரும்மா” என்று மகன் தடுத்தான். அதை ஒரு நோட்டுக்குள் நேராக வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான். தடவித் தேடி, அம்மாவின் முழங்கைக்கு மேலே பிடித்தான்.

“நீ முன்னால நட. படி வந்தா சொல்லு.”

அம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பெரிய பையைத் திறந்து, பாதித் துணிகளை எடுத்து விடுதி வார்டனிடம் திருப்பிக் கொடுத்தார். “லீவு முடிஞ்சு வரும்போது வேணும்லா.”

பிறகு வாசலுக்கு வந்து, “இறங்குற படி” என்றார்.