தீபக் என்றொரு பயிற்சி விமானம்

விமானப்படை என்றதும் நமக்கு மிக், மிராஜ், ரஃபேல் என்று சண்டை விமானங்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றை ஓட்டுகிற பிள்ளைகள் முதன்முதலில் உட்கார்ந்து பழகிய சின்ன விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1909-ல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த லூயி ப்ளேரியோவைப் பற்றி வாத்தியார் சொல்லித் தெரியும். நம் நாட்டு விமானங்களைப் பற்றிச் சொன்னது நாகர்கோவிலில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

நாம் சொந்தமாகச் செய்த முதல் பயிற்சி விமானம் எச்.டி.-2. டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் வடிவமைத்தது. 1951 ஆகஸ்டில் பறந்தது. சுதந்திரம் வந்து நாலே வருடம்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. கானா நாட்டுக்கும் போனது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் எச்.பி.டி.-32, பெயர் தீபக். 1977-ல் முதலில் பறந்து, 1984-ல் படையில் சேர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் ஒரே எஞ்சின். அது நடுவானில் நின்றுபோகிற கோளாறு தீரவே இல்லை. நின்றால் மிதந்து இறங்குகிற திறனும் குறைவு. விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றுகிற இருக்கையும் கிடையாது. மொத்தம் 17 விபத்துகள், 19 விமானிகள் உயிரிழந்தார்கள். 2009 ஜூலை 31-ல் மேடக் மாவட்டத்தில் இரண்டு விமானிகள் இறந்தபிறகு எல்லா தீபக்கையும் நிறுத்திவிட்டார்கள்.

"பறக்க முன்னாடி நாங்க கையெழுத்துப் போடணும் தம்பி. போட்டுட்டு, அது திரும்பி வந்து சக்கரம் தரையில படுத வரைக்கும் தண்ணிகூட இறங்காது" என்பார் அண்ணாச்சி. நானும் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டவன்தான். என் கையெழுத்தில் குறை இருந்தால் கோப்பு திரும்பி வரும், அவ்வளவுதான்.

பிறகு நாலு வருடம், புதிதாகச் சேர்ந்தவர்கள் கிரண் ஜெட்டிலேயே அரிச்சுவடி படிக்க வேண்டியதாயிற்று. 2012-ல் ஒப்பந்தம் போட்டு, 2013 முதல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 விமானங்கள் 75 வந்தன. அதில் உயிர்காக்கும் இருக்கை உண்டு. எச்.ஏ.எல். செய்த எச்.டி.டி.-40 விமானம் 2016 மே 31-ல் பறந்தது. 70 விமானங்களுக்கு 2023-ல் ஒப்பந்தம் ஆனது. அதிலும் அந்த இருக்கை இருக்கிறது.

சொந்த நாட்டு விமானம் என்பது பெருமைதான். ஆனால் ஒரு எஞ்சின் கோளாறுக்கு இருபத்தைந்து வருடம் பொறுத்துக்கொண்டது பெருமை ஆகாது. நம் குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு குறைவு. பேரனோ பேத்தியோ விமானியாகப் போகிறேன் என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள். முதலில் ஏறப்போவது எந்த விமானம் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.