அஞ்சு இல்ல, மூணு!

தெர்மல்ல அரியர் வெச்சிருக்கற மக்களே, இது உங்களுக்குத்தான். காற்றை 1 பாரில் இருந்து 9 பாருக்கு ரெண்டு ஸ்டேஜில் அழுத்தணும். நடு அழுத்தம் எவ்வளவு? நான் கூட்டி, ரெண்டால் வகுத்து, 5னு எழுதினேன். அப்பாகிட்ட மார்க் ஷீட் காட்டின கதையை விடுங்க.

பைக் பஞ்சராகி நின்ன கடையில்தான் விஷயம் புரிஞ்சுது. அந்த கம்ப்ரஸரில் பெரிய சிலிண்டர் ஒண்ணு, சின்னது ஒண்ணு, நடுவே ஃபின் வெச்ச குழாய். அட, இன்டர்கூலர்! சூடான காற்று நிறைய இடம் பிடிக்கும், அழுத்தினா முரண்டும் பிடிக்கும். நடுவில் ஆறவிட்டா வேலை மிச்சம்.

ராத்திரியே கணக்குப் போட்டேன். ஆரம்ப வெப்பநிலை 300 கெல்வின், 'என்' மதிப்பு 1.3. ஒரே ஸ்டேஜில் அழுத்தினா ஒரு கிலோ காற்றுக்கு 246 கிலோஜூல். காற்று 225 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். என்னோட 5 பாரில் 222. ரெண்டு அழுத்தத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வர்ற 3 பாரில் வெறும் 215! ரெண்டு சிலிண்டருக்கும் சமமான வேலை, சூடும் 114 டிகிரியோட சரி.

ஒண்ணு மட்டும் பாருங்க. இன்டர்கூலர் காற்றைப் பழைய 300க்கே கொண்டுவந்தாதான் இந்த வர்க்கமூலம் செல்லும். கேள்வியைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. இன்டர்னல் டெஸ்ட்டில் அதுலயும் மாட்டினவன் சொல்றேன்.