வீட்டில் பார்க்க மட்டும்

2025 ஜூலை 23-ஆம் தேதியோடு சுப்பிரமணிய சிவா மறைந்து நூறாண்டு நிறைந்தது. தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவிடாமல் தடுத்தபின்னும் நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராக அலைந்த அம்மனிதர் கடைசியில் வந்து தங்கியது எங்கள் பாப்பாரப்பட்டியில்தான். அவர் கனவு கண்ட பாரதமாதா ஆலயத்திற்கு 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். நூற்றாண்டு மாலையில் தெருவில் திரை கட்டி, ஓர் ஆவணப்படமும் பி. ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழ'னும் காட்டுவதென எங்கள் வாசிப்புக் குழுவில் முடிவாயிற்று.

ஆவணப்படத்தை இணையத்தில் விலை கொடுத்தே வாங்கினோம். இரண்டு விலைகள் இருந்தன: தனிநபருக்கு ஒன்று, பொதுத் திரையிடலுக்கு அதைப்போல ஆறு மடங்கு. நாங்கள் முதலாவதை அழுத்தினோம். தெரியாமல் அல்ல. கட்டணமில்லாத கூட்டம், நாற்பது பேர் வந்தால் அதிகம், யார் கேட்கப்போகிறார்கள் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எங்களில் பள்ளி ஆசிரியராயிருக்கும் நண்பர்தான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்துக்காட்டினார். பள்ளிக்குள் பாடத்தின் பகுதியாக மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் முன் காட்டினால் சட்டம் விட்டுவிடுகிறது. தெருவில் ஊராருக்குக் காட்டினால் அப்படியில்லை. அமெச்சூர் சங்கங்கள் இலவசமாக நடத்தும் நாடகத்திற்கும் இசைக்கும் உண்டான சலுகை திரைப்படத்திற்கு இல்லை. வட்டை வாங்கியவனுக்கு வட்டுதான் சொந்தம். பலர் முன் ஓட்டும் உரிமை வேறு சரக்கு.

பந்துலுவின் படத்தில் கதை வேறு. திரைப்படத்திற்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். 1961-இல் வந்த படம் 2021 முடிவோடு விடுபட்டுவிட்டது. இசையமைத்த ஜி. ராமநாதன் 1963-இல் மறைந்தவர். அவர் இசைக்கும் கெடு 2023-இல் தீர்ந்தது. ஆனால் வட்டின் உறையில் இன்னமும் 'வீட்டில் பார்க்க மட்டும்' என்றிருக்கிறது. படத்திற்கு மூலமான ம. பொ. சி.யின் நூல், வசனம் ஆகியவற்றின் கணக்குத் தனி என்று ஆசிரியர் இன்னொரு முடிச்சையும் போட்டார். அன்றிரவு வெகுநேரம் வாதிட்டோம்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அப்படத்தில் சிவாவாக நடித்தவர் டி. கே. சண்முகம். டி. கே. எஸ். சகோதரர்கள் 1948-இல் எடுத்த 'பில்ஹண'னில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது, ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஏ. வி. மெய்யப்பன் வழக்குத் தொடர்ந்தார். பாரதியை நாட்டுடைமையாக்கு என்ற குரல் அதன்பின் ஓங்கிற்று. 1949-இல் அரசு உரிமையைப் பெற்றது. எங்கள் நண்பர்களில் பாதிப்பேர் உடனே, "பார்த்தீர்களா, உரிமை என்பதே அநியாயம்" என்றார்கள். எங்களுக்கு அது பொருந்தாத ஒப்புமையாகப் பட்டது. அங்கே மறைந்த கவிஞனின் பாட்டு கைமாறிக் கைமாறி வணிகரிடம் போயிருந்தது. இங்கே ஆவணப்படம் எடுத்தவர் உயிரோடு இருக்கிறார். கடன் வாங்கி எடுத்திருக்கவும் கூடும். எங்கள் சிற்றிதழ்க் கட்டுரைகளை யாராவது கேட்காமல் எடுத்துப் போட்டால் நாங்கள் போடும் கூச்சலை நாங்களே அறிவோம்.

படம் எடுத்தவருக்கு எழுதினோம், செய்த தவற்றையும் மறைக்காமல். கிராமத்துத் திரையிடல் என்பதால் மிச்சத்தில் பாதி போதும் என்று பதில் வந்தது. ஒலிபெருக்கி வாடகையைக் குறைத்துப் பணம் அனுப்பினோம். பந்துலுவின் படத்தைப் பள்ளிக்கு மாற்றி, பெற்றோரையும் அழைத்தோம். அன்று தூறல், தெருவில் முப்பத்திரண்டு பேர், குடையோடு கடைசிவரை நின்றார்கள்.